கீழே யாரும் இல்லை

மலை உச்சியில் கோபுரம் எழுப்ப, இரும்புச் சட்டம் ஒன்றைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டபடி ஹெலிகாப்டர் வந்தது. திடீர்க் காற்றில் சட்டம் ஊசலாடி ஹெலிகாப்டரையே சாய்த்தது. விழாமல் தப்ப விமானி வடத்தைக் கழற்றிவிட்டார். கீழே போல்ட் முடுக்கக் காத்திருந்த எட்வின் அங்கேயே இறந்துபோனான்.

மறுநாள் துக்க வீட்டுக்கு வந்த விமானி, எட்வினின் மனைவி ரூபியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கீழ யாரும் இல்லன்னு சொன்னாங்கம்மா. ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா தூக்கிட்டே வந்திருக்க மாட்டேன்."

"யாரு சொன்னா?"

விமானியின் பார்வை, மாலையோடு நின்ற கோபுர வேலை மேனேஜர் பக்கம் போனது.

"ஒவ்வொரு தடவையும் ஆளை விலக்கினா வேலை முடியுமாம்மா?" என்றார் மேனேஜர்.

ரூபி விமானியை உட்காரச் சொன்னாள். பிறகு அந்த மாலையை வாங்கி, மேனேஜர் கழுத்திலேயே போட்டாள்.