இடது கண் பாப்பா

இரண்டு கண்களும் ஒரே மாதிரி இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது அவர் இல்லை," என்றாள்.

இமைகளைத் தூக்கிப் பிடித்திருந்த ஆஸ்பத்திரி ஊழியர் மெல்லக் கையை எடுத்தார். அவசரமில்லை, இன்னொரு தரம் நிதானமாகப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். போர்வைக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கண் ஒன்று போதாதா?

காலையில் கிடங்கில் இரும்பு அடுக்கு சரிந்ததில் அகப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் வரும் வழியிலேயே போய்விட்டார். இன்னொருவர் ஆபரேஷன் தியேட்டரில். பார்க்க யாரையும் விடவில்லை. இருவருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே உயரம், ஒரே தொப்பை. கிடங்கில் 'ஜோடி மாடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டைகள் லாக்கரில் இருந்தன. தலைக்கட்டுக்குக் கீழே முகமோ, பெற்றவளுக்கே தெரியாத அளவுக்கு வீங்கிக் கிடந்தது.

ஆனால் அவள் கணவருக்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நெற்றியில் வந்த அக்கி இடது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. புண் ஆறியது, பாப்பா மட்டும் விரிந்தபடியே நின்றுவிட்டது. உச்சி வெயிலிலும் சுருங்காது. ஆயுசுக்கும் இப்படித்தான் என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஒத்தைக் கண்ணாலயாவது உன்னைப் பெருசாப் பார்க்கிறேனே, சந்தோஷப்படு," என்பார் அந்த மனுஷன்.

வராந்தாவில் மற்றவரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா... அப்ப அந்த ரூம்ல இருக்கிறது எங்க வீட்டுக்காரரா?"

பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சின்னவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். கை அவள் முதுகைத் தடவியது. மனசு மட்டும் தப்பித்தோம், தப்பித்தோம் என்று அடித்துக்கொண்டது. அதை நினைத்து அவளுக்கே கூசியது.

தியேட்டர் கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தார். மடியில் கிடந்தவளை நகர்த்தாமலே இவள் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், உள்ளே இருக்கிறது எங்க வீட்டுக்காரர்தான். அவருக்கு லைட் அடிச்சாலும் இடது கண்ணு பாப்பா சுருங்காது. மூளையில அடின்னு டாக்டர் நினைச்சுடப் போறார். அது பழைய அக்கியால வந்தது, சொல்லிடுங்க."

நர்ஸ் கையிலிருந்த தாளை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"உள்ளே இருக்கிறவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாச் சுருங்குதேம்மா."

"இடது கண்ணுமா?"

"ரெண்டும்தான்."

மடியில் அழுகை நின்றது. சின்னவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அதெப்படி சிஸ்டர்? அந்த ரூம்ல இருக்கிறவருக்கு ரெண்டு பாப்பாவும் ஒரே அளவு. இப்பத்தானே பார்த்துட்டு வரேன்."

நர்ஸ் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உயிர் போனப்புறம் எல்லாருக்கும் ரெண்டு பாப்பாவும் ஒண்ணுபோல விரிஞ்சிடும்மா."