ஓட்டை விழுந்த மண்மூட்டை

சண்டை ஓய்ந்தபின் வந்த முதல் மாரியிலேயே குளக்கட்டு உடையப் பார்த்தது. இரண்டு கரைச் சனமும் ஓடிவந்து, ஒருவரையொருவர் சுடுவதற்குக் கட்டிய காவலரண்களைப் பிரித்து, அந்த மண்மூட்டைகளைக் குளக்கட்டில் அடுக்கினார்கள். இக்கரை மூட்டை ஒன்றும் அக்கரை மூட்டை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன.

"தள்ளிப் படு. என்ர வயித்து ஓட்டை உங்கட ஆக்கள் சுட்டது," என்று சீறியது இக்கரை மூட்டை.

"அந்த ஓட்டையாலதான் இப்ப மண் போகுது. நான் தள்ளிப் படுத்தா நீ வெறுஞ் சாக்கு."

இக்கரை மூட்டை முறைத்துக்கொண்டே ஓட்டையை அதன் பக்கம் திருப்பியது. அக்கரை மூட்டை சரிந்து வந்து ஓட்டையை அடைத்துக்கொண்டது.

மழை விட்டது. கட்டு நின்றது. சனம் தேத்தண்ணி குடித்துச் சிரித்தது.

"இனித் தள்ளிப் படுக்கட்டா?" என்று கேட்டது அக்கரை மூட்டை.

"அசையாத. முதல்ல எங்கட மேல புல்லு வேர் விடட்டும்."