விரல் நீள ஒயர்

பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

உள்ளே இருந்தது தீப்பெட்டி அளவு சர்க்யூட். கண் இமைக்கும் நேரத்தைக் கோடிக் கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்குள் லேசருக்கு மின்சாரத்தை அள்ளிக் கொடுத்து நிறுத்திவிடும். காரில் பொருத்தினால், குறுக்கே வருகிற ஆளை இருட்டிலும் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வேகத்துக்காகத்தான் லேசரை சர்க்யூட்டோடு ஒட்டவைத்துப் பற்றவைத்திருந்தாள். நடுவில் கொஞ்சம் ஒயர் நீண்டாலும் வேகம் செத்துவிடும்.

இப்போது விரல் நீளத்துக்கு ஒயர் தொங்குகிறது.

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து உருவாக்கியது. இன்று காலை வாங்க வந்தவர்கள் முன்னால், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை வாரிவிட்டது. “இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பெட்டிச் சாவி அவளைத் தவிர தலைமைப் பொறியாளரிடம்தான் உண்டு. ஆபீசில் அவருக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்று பேர்.

பெட்டியோடு அவர் அறைக்குள் நுழைந்தாள்.

“இது நீங்க வச்ச ஒயர்தானே சார்?”

“ஆமா.”

மழுப்புவார் என்று நினைத்திருந்தாள். ஆத்திரம் இரண்டு மடங்கானது.

“வெட்கமா இல்ல? நேத்து வந்தவ நம்மளை மிஞ்சிட்டாளேன்னு வயித்தெரிச்சலா? கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே!”

“கதவைச் சாத்திட்டுத் திட்டும்மா.”

“எதுக்குச் சாத்தணும்? ஊருக்கே கேக்கட்டும். முதலாளிகிட்ட இப்பவே சொல்றேன்.”

“சொல்லு. என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு, அது பரவாயில்ல. ஆனா அவங்களைத் திரும்பக் கூப்பிட்டு இதை வித்துடுவாரு.”

“வித்தா என்ன? கார்க்காரங்கதானே?”

“நானும் அப்படித்தான் நம்பினேன். நேத்து சாயங்காலம் நீ கிளம்பின பிறகு வாங்க வந்தவங்கள்ல ஒருத்தன் எனக்குப் போன் பண்ணினான். நாம அனுப்பின விவரத்தைப் படிச்சிட்டு உன் சர்க்யூட்டைப் புகழ்ந்து தள்ளிட்டான். சத்தமே இல்ல, வெளிச்சம் கண்ணுக்கே தெரியல, சட்டைப் பைக்குள்ள அடங்கிடுதுன்னு.”

“நல்லதாத்தானே சொல்லியிருக்கார்?”

“அப்புறம் ஒண்ணு கேட்டான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஊர்வலம் போறவங்க முகத்துக்கு நேரா இதைப் பிடிச்சா, எத்தனை பேருக்குக் கண்ணு போகும்னு.”

அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“முதலாளிகிட்ட சொல்லலையா சார்?”

“உடனே சொன்னேன். ‘நம்ம வேலை விக்கறது. வாங்கறவன் என்ன பண்ணினா நமக்கென்ன?’ன்னுட்டாரு.”

கதவு படாரென்று திறந்தது. முதலாளி.

“என்னம்மா, என் மானத்தை வாங்கிட்டியே! கோளாறு எங்கன்னு தெரிஞ்சுதா? நாளைக்குள்ள சரி பண்ணிட்டா, கையைக் காலைப் பிடிச்சாவது அவங்களைத் திரும்ப வரவழைச்சிடுவேன்.”

அவள் பெட்டியைச் சட்டென்று மூடினாள்.

“இல்ல சார், இது சரியாகாது” என்றாள். “என் டிசைனே தப்பு.”