பாசி தேய்த்த பெயர்ப்பலகை

தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய் ஐம்பது வருடமாகிறது. ஸ்டேஷனின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீடு போனதிலிருந்து பழைய டிக்கெட் அறையில் பிள்ளைகளோடு கிடக்கும் தவமணி, தேங்காய்ப் பொச்சு நாரால் பலகையின் பாசியை மூச்சிரைக்கத் தேய்க்கிறாள். விலாசம் இல்லாதவர்களுக்குப் புது வீட்டுப் பட்டியலில் இடமில்லையாம். பெயர் பதிய இன்றுதான் கடைசி நாள். மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் மெல்ல எழுந்து வருகிறது. தூறலில், பட்டியல் எழுதும் கிராம சேவகரின் மோட்டார் சைக்கிள் பிளாட்பாரத்துப் புல்லில் வந்து நிற்கிறது. "ஐயா, இந்தா இருக்குங்க எங்க விலாசம். இதையே எழுதிக்கிங்க." அவர் நிமிர்ந்து பார்க்கிறார். முகம் மலர்கிறது. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் போனை எடுக்கிறார். "பழைய ஸ்டேஷன், ஷோக்கா இருக்கு. நங்கி... தங்கச்சி, நீங்க படத்துல விழுறீங்க, கொஞ்சம் தள்ளுங்க." தவமணி பொச்சோடு தள்ளி நிற்கிறாள். இன்னும் கொஞ்சம் என்று அவர் கையை அசைக்கிறார்.