பின்னால், இடது பக்கம்

காதில் மாட்டியிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் கடைக்காரர். “ஸ்பீக்கர்கிட்டப் போனா இது விசிலடிக்கும் தம்பி. இன்னொரு காது நல்லாத்தான் கேக்கும்.”

பாட்டுப் பெட்டி விற்கிறவருக்கே காது மந்தம். பாம்புக்காது சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஸ்டுடியோவில் அவனுக்கு வைத்த பெயர் அது. பாடுகிறவர் வரிக்கு நடுவே எச்சில் விழுங்கினால்கூடப் பிடித்துவிடுவான்.

தெருச் சத்தம் வரக்கூடாது என்று ஷட்டரை இறக்கச் சொன்னவன் அவன்தான். ஃபேனையும் நிறுத்தச் சொன்னான். கூரை வரை அடுக்கியிருந்த பழைய செட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலிக்குத்தான் இடமிருந்தது. நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், நடுவில் அவன்.

வயர்களெல்லாம் அவன் காலைச் சுற்றிக்கொண்டு பின்சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் பக்கம் ஓடின. அங்கே தோள்பையும் கையுமாக மனைவி நின்றாள். இந்தத் தடவை நானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கூட வந்திருந்தாள்.

எதிரே மேசைமேல் குவாட்ராஃபோனிக் ரிசீவர். நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாகப் பாட வைக்கும் அந்தக் காலத்துப் பெட்டி. தேக்கு நிற மரம், கனத்த வெள்ளித் திருகுகள்.

“முகப்பு லைட்டு மட்டும் போச்சு. மத்தபடி ராஜா” என்றார் கடைக்காரர்.

இசைத்தட்டு சுழன்றது. முன்னால் வயலின்கள். முதுகுக்குப் பின்னால், யாரோ ஓசைப்படாமல் வந்து நின்றதுபோல், ஒரு புல்லாங்குழல். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

நாளைக்கு ஸ்டுடியோவுக்கு ஸ்பீக்கருக்கு ஒன்றாக நாலு டிராக்கில் பதிந்த பழைய டேப் ஒன்று வருகிறது. வீட்டில் வைத்துத் திருத்தித் தருகிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய வேலை. இப்படி ஒரு பெட்டி இல்லையென்றால் அது அடுத்தவனுக்குப் போய்விடும். அதற்கப்புறம் அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை.

பாட்டு முடிந்தது. கடைக்காரர் முள்ளைத் தூக்கினார்.

“உஸ்ஸுன்னு கேக்குதே?”

“எங்க தம்பி?”

“பின்னாடி. இடது பக்கம்.”

கடைக்காரர் அந்த ஸ்பீக்கரின் துணிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “கையில ஒண்ணும் தட்டுப்படலையே.”

“காதால கேளுங்க பெரியவரே.”

முகப்பில் ஒரு சின்னக் குச்சி இருந்தது. எந்த மூலைக்குத் தள்ளுகிறோமோ அந்த மூலைக்குச் சத்தம் போகும். கடைக்காரர் அதை எதிர்மூலைக்குத் தள்ளினார். “இப்ப?”

“நகரல. அங்கயேதான் இருக்கு.”

“வால்யூமைச் சுத்தமா இறக்கிட்டேன்.”

“அப்பவும் இருக்கு. உள்ள ஏதோ போயிருக்கு. பாலிஷ் போட்டு மூடினா எங்களுக்குத் தெரியாதா?”

“எத்தனையோ பேர் வந்து கேட்டுட்டாங்க. ஒருத்தரும் இப்படிச் சொல்லல.”

“அதுக்கெல்லாம் காது வேணும்.”

“எனக்கும் ஒண்ணும் கேக்கலங்க” என்றாள் மனைவி.

“உனக்குக் குக்கர் விசிலே கேக்காது.”

“வீட்ல இருந்த பெட்டியையும் இதே குறை சொல்லித்தான் திருப்பிக் குடுத்தீங்க.”

“அது வேற கோளாறு. நடுவுல பேசாத.”

நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எழுந்து போய்விடலாம். போய்? ஊரெல்லாம் சலித்து அகப்பட்ட ஒரே பெட்டி இது. வாங்கினால் இந்த இரைச்சலோடு ராப்பகலாக உட்கார வேண்டும். வாங்காவிட்டால் பிழைப்பு போச்சு. பெட்டிகளெல்லாம் ஒரு சாண் நெருங்கி வந்துவிட்டதுபோல் இருந்தது.

“வேணும்னா எடுங்க, இல்லேன்னா விடுங்க தம்பி” என்றார் கடைக்காரர். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “நல்ல பெட்டிய நாசம்னு சொல்லாதீங்க.”

பின்னால் அவள் பையைத் தரையில் வைப்பது கேட்டது. துணி உரசியது. குனிந்து நிமிர்ந்தாள் போல.

“ஏங்க. அவசரப்படாம இன்னொரு தடவை கேளுங்க.” குரலில் வழக்கமான குத்தல் இல்லை. “கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.”

மூடினான். தலையை இம்மியும் அசைக்காமல் கேட்பது அவன் தொழில்.

“இப்ப கேக்குதா?”

“கேக்குது.”

“கொறைஞ்சிருக்கா?”

“எங்க கொறையறது? இப்பத்தான் இன்னும் தெளிவாக் கேக்குது. பின்னாடி, இடது பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு என்னைப் பைத்தியக்காரனாக்கப் பாக்கறீங்களா?”

கண்ணைத் திறந்தான்.

கடைக்காரர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

“என்ன?” என்றான் திரும்பாமலே.

“பிளக்கு என் கையில இருக்குங்க.”