முடிவைச் சொல்லாதீங்க

மாலை வெயில் திரைச்சீலையில் மங்குகிறது. சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டவள், வீங்கிய கால்களைக் கணவன் மடியில் நீட்டியிருக்கிறாள். தொண்டை அறுவைசிகிச்சையில் அவன் குரல் போய்விட்டது. டிவியில் பழைய துப்பறியும் கதை ஒன்று, இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்தது. துப்பறிவாளன் இப்போது கைபேசியைத் தடவித் தடவிக் கொலைகாரனைத் தேடுகிறான். கதையை முன்பே படித்திருக்கும் கணவன், அவள் கணுக்காலை அமுக்கியபடி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புருவம் உயர்த்தி ரசிக்கிறான். “அந்த டாக்டர்தானே? முழிக்கிற முழியே சரியில்ல,” என்கிறாள். அவன் உதட்டைப் பிதுக்குகிறான். அவளுக்குக் கண் சொக்குகிறது. “நான் தூங்கிட்டா எழுப்புங்க. யாருன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க.” சொன்னபின்தான் உறைக்கிறது. பதறிப்போய் எழுகிறாள். அவன் தோள்கள் குலுங்குகின்றன. அழுகிறானோ? இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள், அவன் பங்குச் சத்தத்தையும் சேர்த்து.