கண்ணாடி மண்டபம் இருந்த இடம்

கடல் ஏறி வந்ததால், ராயபுரத்தின் இரும்புக் கண்ணாடி மண்டபத்தைக் கழற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே புதுக் குரல் சுற்றிக்காட்டுகிறது. பழைய வழிகாட்டிக் குரல் மட்டும் இந்த வெற்று மணலிலேயே தங்கிவிட்டது. யார் வந்து நின்றாலும் காதில் பேசும். அது பெர்னதெத்தின் இறந்துபோன கணவர் சவரிராயன் முன்பு பதிவுசெய்து கொடுத்த குரல்.

"யக்கா, இங்க என்னா இருக்குன்னு தெனம் வர்றே?" என்று கேட்டான், வலை உலர்த்திக்கொண்டிருந்த டோமினிக்.

"கம்முனு இருப்பா, அவரு பேசறாரு."

"மேல பாருங்க. விக்டோரியா ராணி காலத்துல கப்பல்ல வந்த வார்ப்பிரும்பு வளைவு. கண்ணாடி வழியா வெயில் எப்படி எறங்குது பாருங்க!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது.

"பாத்தாச்சா? பின்னால நெறைய பேர் நிக்கிறாங்க, கொஞ்சம் வழி விடுங்கம்மா."

பெர்னதெத் நகர்ந்து வழிவிட்டாள். பிறகு, இல்லாத அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.